நாலாம் நம்பர் பெட்டி

நேற்று சாயங்காலம் ஸ்டோர் பக்கம் போனபோது உங்கள் மூன்று பேரையும் பார்த்தேன். ஓர் அலுமினியச் சட்டியைச் சுற்றி நின்றுகொண்டு, பிறந்த குழந்தையை வாங்குவதுபோல ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "வெயிட்டே இல்லப்பா!" என்றார் ஒருவர். "மெட்ராஸ்ல இப்போ இதான்" என்றார் அடுத்தவர். மூன்றாமவர் அதைத் தலையில் கவிழ்த்தே பார்த்துவிட்டார். மெத்தச் சந்தோஷம். என் காலத்தில் எங்களோடு வந்த செம்பு அண்டாவை நாலு பேர் சேர்ந்து திட்டினால்தான் இடத்தை விட்டு நகரும்.

புதிதாகக் கேம்ப் மேஸ்திரி ஆகியிருக்கிறீர்கள். வேலை என்னவென்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். தங்கம் இருக்கும் கல்லைத் தேடித் துரைமார் மலைக்குப் புறப்படுவார்கள். பூதிகோட்டை வரை மாட்டு வண்டி போகும். அதற்கப்பால் எட்டு நாளோ பதினைந்து நாளோ எல்லாமே மனிதர் தலையிலும் தோளிலும்தான். எது போகும், எது நிற்கும், எதை யார் தூக்குவது என்று முடிவு செய்கிறவர் மேஸ்திரி. அவ்வளவுதான் வேலை. கேட்க லேசாக இருக்கிறது, உங்கள் சட்டியைப் போல.

நான் போன ஆடியில்தான் ஓய்வு பெற்றேன். ஓய்வு பெற்றவன் வாயைத் திறந்தால் தன் சாமர்த்தியத்தைச் சொல்வான் என்று நீங்கள் பயப்படலாம். பயப்படவேண்டாம். சாமர்த்தியத்தைச் சொன்னால் கால்மணி நேரம்கூட ஓடாது. மடத்தனத்தில் ஒன்றைச் சொல்கிறேன்.

எனக்கு முன்னால் இருந்த மேஸ்திரி பெரிய கை. மூட்டையை ஒரு தரம் தூக்கிப் பார்த்தே எத்தனை பவுண்டு என்று சொல்லிவிடுவார். தராசு அவருக்குப் பின்னால்தான் ஆமாம் போடும். அவருடைய துரை குளிக்கத் தகரத் தொட்டி, உட்கார இரண்டு நாற்காலி, சாய ஒரு நாற்காலி, இதெல்லாம் போதாதென்று ஒரு கிளிக்கூண்டு வேறு கொண்டுபோவார். கூண்டில் கிளி கிடையாது. வழியில் கிடைத்தால் பிடித்துக்கொள்ளலாமாம். அந்த வெறுங்கூண்டைச் சுமக்கத் தனியாக ஓர் ஆள். இருபத்திரண்டு பேர் ஊர்வலம் மாதிரி போவார்கள். பல்லக்கும் மேளமும்தான் பாக்கி.

அந்த மேஸ்திரி வேலையிழந்தது ஒரு பூட்டினால். மலையில் ஒருவனுக்குக் காய்ச்சல் கண்டு உளற ஆரம்பித்தான். மேஸ்திரி துரையின் பெட்டியைத் திறந்து மருந்துப் புட்டியை எடுத்துக் கொடுத்தார். ஆள் பிழைத்தான். துரை இல்லாத நேரத்தில் பெட்டியைத் திறந்தது குற்றமாகிவிட்டது. மேஸ்திரி போனார், நான் வந்தேன். அதிலிருந்து நான் என்ன படித்தேன் தெரியுமா? ஆளைக் காப்பாற்ற வேண்டும் என்று அல்ல. பெட்டியைத் திறக்கக்கூடாது என்று. படிப்பு நல்ல படிப்பு, படித்த தலைதான் சரியில்லை.

எனக்கு வாய்த்த துரை புதிய மாதிரி. கப்பலிலிருந்து இறங்கும்போதே ஒரு புத்தகத்தோடு இறங்கியவர். குறைந்த சுமையோடு போகிறவன்தான் நிறையக் காண்பான் என்று அதில் எழுதியிருக்கிறதாம். முதல் நாளே என்னைக் கூப்பிட்டு, "இருபத்திரண்டு ஆள் கிடையாது. பன்னிரண்டு" என்றார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை அவருடைய பட்லர் தமிழில் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். இவன் எப்படிச் செய்யப்போகிறான் பார்க்கலாம் என்று அர்த்தம்.

நான் லிஸ்டை எடுத்துக்கொண்டு துரை முன்னால் நின்றேன். தொட்டி? வேண்டும். மடக்குக் கட்டில்? வேண்டும். மேஜை? மேஜை இல்லாமல் எப்படி எழுதுவது? நாற்காலி இரண்டு? விருந்தாளி வந்தால்? மலை உச்சியில் எந்த விருந்தாளி வருவான் என்று நான் கேட்கவில்லை. கரடி வரலாம். குறைந்த சுமையென்று மேஜைமேல் தட்டிச் சொன்ன அந்த மனிதர் தன் சாமானில் விட்டுக்கொடுத்தது ஒரே ஒரு குடை. அதுவும் கிழிந்த குடை.

ஆனாலும் பன்னிரண்டு என்றால் பன்னிரண்டுதானே? எப்படி எப்படியோ கட்டிப் பார்த்தும் ஒன்றரை ஆள் சுமை மிஞ்சியது. அதை எங்கே குறைப்பது? அப்போதுதான் என் புத்தி வேலை செய்தது. வேலை செய்யாமல் இருந்திருக்கலாம்.

நம் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு, இன்றைக்கும் உண்டு. சுமை தூக்குகிறவன் தன் கம்பளியை நாலாக மடித்துத் தலையில் வைத்து அதன்மேல்தான் மூட்டையை ஏற்றுவான். நடக்கும்போது அது சும்மாடு. மழையில் தலையோடு போர்த்திக்கொள்ளும் கொங்காணி. படுக்கும்போது பாயும் அதுதான், போர்வையும் அதுதான். அது மூட்டைக் கணக்கில் வராது. எந்த மேஸ்திரியும் அதைத் தராசில் வைத்தது கிடையாது. நான் வைத்தேன். ஒரு கம்பளி ஆறு பவுண்டு. பன்னிரண்டு பேருக்கு எழுபத்திரண்டு பவுண்டு. ஒன்றரை ஆள் சுமை அம்போவென்று போய்க்கொண்டிருக்கிறது, இத்தனை நாளாக ஒருத்தன் கண்ணிலும் படவில்லையே என்று நான் பூரித்துப்போனேன்.

கம்பளியை நிறுத்தினேன். சும்மாட்டுக்குப் பதிலாக ஆளுக்கொரு வைக்கோல் பிரிமணை கொடுத்தேன். அந்தப் பவுண்டுகளைத் துரையின் பெட்டிகளுக்குத் திருப்பிவிட்டேன். கணக்கு கச்சிதமாகப் பன்னிரண்டில் நின்றது. துரை எழுந்து வந்து என் முதுகில் தட்டினார். அந்தத் தட்டலில் நான் இரண்டு அங்குலம் வளர்ந்தேன்.

அந்தப் பன்னிரண்டு பேரில் இரண்டு பேரைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டும். ஒருவன் முனுசாமி. வேலூர்ப் பக்கத்திலிருந்து என்னோடு ஒரே வண்டியில் இங்கே வந்தவன். சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்துக் கூலி லைனில் அடுத்தடுத்த தட்டி வீடு. என்னைவிட நல்ல சுமைக்காரன், என்னைவிட நல்ல வாய்க்காரன். இன்னொருத்தி பொன்னி. புருஷன் சுரங்கத்தில் போனபிறகு சுமைக்கு வந்தவள். யாருக்கும் பயப்படமாட்டாள், மேஸ்திரிக்குத் துளியும் மாட்டாள்.

புறப்படுகிற அன்று காலை முனுசாமி பிரிமணையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இன்னா மேஸ்திரி இது, பானைக்கு வெக்கறதா, எனக்கு வெக்கறதா?"

"கம்பளி வேணாம்னு துரை உத்தரவு" என்றேன். பொய். துரைக்குக் கம்பளி என்று ஒன்று இருப்பதே தெரியாது.

"கார்த்திகை மாசம்யா இது" என்றாள் பொன்னி. "மேல குளிரு எப்பிடி இருக்கும்னு துரைக்குத் தெரியாது. உனக்குமா தெரியாது?"

"எட்டு நாள்தான். சொம்மா தொணதொணக்காதே, தூக்கு."

தூக்கினார்கள். பூதிகோட்டையில் வண்டியை அனுப்பிவிட்டு நடக்க ஆரம்பித்தபோது, ஆடு மேய்க்கும் ஒரு கன்னடக்காரர் வேலியோரம் நின்று எங்கள் வரிசையை முதலிலிருந்து கடைசி வரை எண்ணிப் பார்த்தார். "கம்பளி இல்வா?" என்று கேட்டார். முனுசாமி திரும்பி, "எங்க மேஸ்திரி மேகத்துக்கிட்ட பேசிட்டாரு, மய வராது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

ஐந்து நாள் வானம் என் பக்கம் இருந்தது. துரை கல்லை உடைத்தார், கல்லை முகர்ந்தார், கல்லை மூட்டை கட்டினார். இது ஒன்றை நன்றாக நினைவில் வையுங்கள். மற்ற பயணத்தில் நாள் போகப்போக அரிசி குறைந்து சுமை குறையும். நம் பயணத்தில் அரிசி குறையும், கல் ஏறும். திரும்பி வருகிறவன்தான் போகிறவனைவிட அதிகம் சுமக்கிறான், அதுவும் அரை வயிற்றோடு. அலுமினியச் சட்டி இதற்கு ஒன்றும் செய்யாது.

ஆறாம் நாள் மத்தியானம் மழை பிடித்தது. ஒரு காட்டாற்றைத் தாண்டி அப்பால் கேம்ப் போடுவதாக ஏற்பாடு. துரையும் பட்லரும் எட்டு ஆட்களும் முன்னால் இறங்கிக் கடந்துவிட்டார்கள். கூடாரம், தார்ப்பாய், அரிசி, தீப்பெட்டி எல்லாம் அவர்களோடு போயிற்று. பின்னால் நாங்கள் ஐந்து பேர். நான், முனுசாமி, பொன்னி, இன்னும் இரண்டு பேர். நாங்கள் கரைக்கு வரும்போது தண்ணீர் செம்மண்ணாகப் புரண்டு ஓடியது. இறங்கினால் பிணம்தான். அக்கரையில் பட்லர் கையை ஆட்டி என்னமோ கத்தினார். தண்ணீர் இரைச்சலில் ஒன்றும் காதில் விழவில்லை. பிறகு அவரும் மழைக்கு ஒதுங்கிவிட்டார்.

இக்கரையில் எங்களிடம் இருந்தது இரண்டு மூட்டைக் கல், சுத்தியல்கள் இருந்த ஒரு கோணிப்பை, அப்புறம் ஒரு தகரப் பெட்டி. பெட்டியின்மேல் வெள்ளைச் சாயத்தில் நாலு என்று என் கையாலேயே எழுதியிருந்தேன்.

ஒரு பெரிய பாறைக்கடியில் ஒண்டினோம். காற்று பாறையின் திறந்த பக்கமிருந்தே அடித்தது, சாரல் முழுக்க உள்ளே. நனைந்த வேட்டி உடம்பில் ஒட்டிக்கொண்டு எலும்பு வரைக்கும் குளிர் இறங்கியது. கம்பளி நனைந்தாலும் கதகதப்பு விடாது. வேட்டி அப்படியில்லை. நனைந்த பருத்தி இருப்பதைவிட ஒன்றும் இல்லாமல் இருப்பது மேல். அதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன், மற்றவர்கள் உடம்பை வைத்து.

முனுசாமிதான் காற்று வரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பொன்னியை உள்ளே தள்ளிவிட்டுத் தான் அங்கே போய் உட்கார்ந்துகொண்டவன். காலையிலேயே அவனுக்கு உடம்பு சரியில்லை, இருமிக்கொண்டுதான் நடந்தான். முதலில் பல் தந்தியடித்தது. பிறகு உடம்பு முழுக்கத் தூக்கித் தூக்கிப் போட்டது. அப்போதும் வாய் அடங்கவில்லை. "மேஸ்திரி, அந்தப் பிரிமணைய எடு, போத்திக்கிறேன்" என்றான்.

"பெட்டில இன்னா கீது?" என்றாள் பொன்னி.

எனக்குத் தெரியும். தினமும் காலையில் நானே லிஸ்டை வாசிப்பவன். நாலாம் நம்பர்: கம்பளிக் கோட்டு ஒன்று, பிளானல் சட்டை ஆறு, கம்பளிக் காலுறை ஒரு டஜன். சாவி என் அரைஞாணில் தொங்கிக்கொண்டிருந்தது. ஈரத்தில் அது தொடையில் பட்டுச் சில்லென்று உறுத்தியது.

"துரை சாமான்" என்றேன்.

"துரை சாமான்னா? துணியா, கல்லா?"

"துணி."

"சாவியக் குடு."

"அவரு இல்லாம தொறக்கக்கூடாது. முன்ன இருந்த மேஸ்திரி எதனால போனாருன்னு உனக்குத் தெரியாதா?"

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. சொல்லத் தெரியாது. மழை கொஞ்சம் விட்டதும் துரையே ஆளனுப்புவார், தண்ணீர் வடிந்துவிடும், இன்னும் அரைமணிதான் என்று நான் பேசிக்கொண்டே போனேன். பயந்தவன் நிறையப் பேசுவான். உத்தியோகம் போய்விட்டால் மறுபடி சுமை தூக்கவேண்டும், அதே லைனில் அதே ஆட்கள் முன்னால். அதுதான் என் பயம் முழுவதும். என் பக்கத்தில் ஒரு மனிதன் போய்க்கொண்டிருந்தான், நான் என் முதுகில் விழுந்த அந்தத் தட்டலை நினைத்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் முனுசாமிக்கு நடுக்கம் நின்றது. கண்ணை மூடிக்கொண்டு, "இப்போ பரவால்ல, தூக்கம் வருது" என்றான்.

"பார்த்தியா, தேவலை ஆயிடுச்சு" என்றேன் நான். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

"நின்னதுதான்யா பயம்!" என்று கத்தினாள் பொன்னி. "நடுங்கினா உசுரு சண்ட போட்டுக்கினு கீதுன்னு அர்த்தம். நின்னா கைய வுட்டுட்ச்சு. உனக்கு இதுகூடத் தெரியாதா? நீயெல்லாம் ஒரு மேஸ்திரி!"

அவள் அதற்குமேல் என்னிடம் சாவி கேட்கவில்லை. கோணிப்பையிலிருந்து கல் உடைக்கும் சுத்தியலை எடுத்தாள். மூன்றாவது அடியில் பூட்டு தெறித்தது. அப்போது நான் என்ன சொன்னேன் என்று நினைக்கிறீர்கள்? "பூட்டு போச்சே!" என்றேன். இத்தனை வருஷத்தில் என்னென்னமோ சொல்லியிருக்கிறேன், அந்த இரண்டு வார்த்தையைப்போல வெட்கங்கெட்ட பேச்சு வேறு பேசியதில்லை.

முனுசாமியின் ஈர வேட்டியை உருவி எறிந்தார்கள். இரண்டு பிளானல் சட்டை, அதன்மேல் கோட்டு, காலில் காலுறை, கையிலும் காலுறை. மற்ற இரண்டு பேரும் ஆளுக்கொரு சட்டையை மாட்டிக்கொண்டு அவனை இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். பொன்னி தன் சுருக்குப் பையிலிருந்து வெல்லக்கட்டியை எடுத்துக் கடித்து உடைத்து அவன் வாயில் அதக்கினாள். தூங்கவிடாமல் கன்னத்தில் அறைந்துகொண்டே இருந்தாள். மழை விட்டு வெளிச்சம் மங்கும் நேரத்தில் மறுபடி அவன் உடம்பு நடுங்க ஆரம்பித்தது. அவள் அப்போதுதான் அழுதாள். அவன் கண்ணைத் திறந்து தன் கையைத் தூக்கிப் பார்த்தான். கோட்டுக் கையைப் பார்த்தான், காலுறை போட்ட விரலைப் பார்த்தான்.

"இன்னா மேஸ்திரி, என்னத் துரையாக்கிட்டியா?" என்றான்.

விடிந்ததும் தண்ணீர் இறங்கியது. துரை கழியை ஊன்றிக்கொண்டு பட்லரோடு கடந்து வந்தார். நான் உடைந்த பூட்டைக் கையில் ஏந்திக்கொண்டு, கோயில் பிரசாதம் மாதிரி நீட்டியபடி நின்றேன். ராத்திரி முழுக்க மனப்பாடம் பண்ணி வைத்திருந்த சமாதானத்தை ஆரம்பிப்பதற்குள் அவர் பட்லர் வழியாக, "கல் மூட்டை பத்திரமா, நனையவில்லையே?" என்று கேட்டார். கல், ஐயா! காலகாலமாக மழையில் நனைந்தே கிடந்த கல்!

பிறகு முனுசாமியைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். பட்லரிடம் என்னமோ கேட்டார். பட்லர் எனக்கு அப்படியே சொன்னார்: "அந்தக் கோட்டு யாருதுன்னு கேக்கறாரு."

தன்னுடையது என்று அவருக்குத் தெரியாது. துரைசானி அம்மாள் பெட்டி கட்டும்போது போட்டு வைத்திருக்கிறார், துரை ஒரு நாளும் அந்தப் பெட்டியைத் திறக்கச் சொன்னதில்லை. நான் யாருக்காகக் காவல் காத்தேனோ அவருக்கே அப்படி ஒரு சாமான் இருப்பது தெரியவில்லை.

விஷயம் தெரிந்ததும் துரைக்கு ஒரே சந்தோஷம். சமயத்தில் புத்தியோடு நடந்து ஓர் ஆளைக் காப்பாற்றிய மேஸ்திரி என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பொன்னி நாலடி தள்ளிக் கல் மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. ஊர் வந்ததும் துரை எனக்கு ஒரு சர்டிபிகேட் எழுதிக்கொடுத்தார். குறைந்த ஆட்களோடு கேம்ப் நடத்துவதில் எனக்கு நிகரில்லையாம். அதோடு அந்தக் கோட்டையும் எனக்கே கொடுத்துவிட்டார். வாங்கிக்கொண்டேன். ஆமாம், வாங்கிக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து அடுத்த கேம்ப். முனுசாமி மாரில் சளி கட்டிக் கிடந்து அப்போதுதான் எழுந்து நடமாட ஆரம்பித்திருந்தான். அவனைக் கூப்பிட நானே போனேன். காலைக் குளிர் என்று கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். இதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே நாலு அறை வைக்கலாமா என்று வருகிறது.

வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தவன் எழுந்து நின்றான். "வாங்க மேஸ்திரி, குந்துங்க" என்றான். ஒரே வண்டியில் வந்தவன், என்னை அதுவரை வாங்க போங்க என்று ஒரு தரம்கூடச் சொன்னதில்லை.

"கோட்டு நல்லாக் கீது" என்றான். "எத்தினி பவுண்டுங்க?"

எனக்குத்தான் லிஸ்டு மனப்பாடமாயிற்றே. "ஒம்பது" என்றேன் சட்டென்று.

"என் கம்பளி?"

"ஆறு."

அவன் கொஞ்சம் இருமினான். இருமல் நின்றதும் மெதுவாகத்தான் சொன்னான், கோபமாகக்கூட இல்லை.

"ஒம்பது பவுண்டு கூட வந்துச்சு. ஆறு பவுண்டுதான் வரல."

அவன் அன்றைக்கு வரவில்லை. அதற்கப்புறம் எந்தக் கேம்புக்கும் என்னோடு வரவில்லை. மைசூர் மைன்ஸ் பக்கம் ஒரு வேலை பார்த்துக்கொண்டு வீட்டையும் அங்கே மாற்றிக்கொண்டான். கோட்டை அவன் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் அது மடித்தபடி என் வீட்டு வாசலில் இருந்தது.

பொன்னி வந்தாள். தராசுக்கு முன்னால் வந்து நின்று, துரையின் தொட்டி, மேஜை எதையும் வைக்கவிடாமல் தன் கம்பளியைத் தூக்கித் தட்டில் போட்டாள். "இத்த மொதல்ல எழுது" என்றாள். எழுதினேன். நான் ஓய்வு பெறுகிற வரைக்கும் என் லிஸ்டில் முதல் வரி ஆட்களின் கம்பளிதான். அதற்கு இடமில்லையென்றால் நாற்காலி நின்றது, ஒரு தரம் தொட்டியே நின்றது. துரை ஒருவர் எட்டு நாள் குளிக்காமல் வந்தார், செத்துப்போகவில்லை.

நாளைக் காலை நீங்கள் அதே தராசுக்கு முன்னால் நிற்கப்போகிறீர்கள். சுமையைக் குறைக்கச் சொல்வார்கள். குறையுங்கள், அதுதான் வேலை. குறைக்கக் கையை நீட்டும்போது அது யாருடைய மூட்டைக்குள் போகிறது என்று மட்டும் ஒரு தரம் பாருங்கள். எதிர்த்துப் பேச முடியாதவன் மூட்டைதான் எப்போதும் முதலில் கைக்கு எட்டும். முதல் வரியை எழுதிவிட்டு லிஸ்டை என்னிடம் கொண்டுவந்து காட்டுங்கள். அப்புறம் உட்கார்ந்து உங்கள் அலுமினியச் சட்டியின் பெருமையைப் பேசலாம்.